மீன் அலர்ஜி: ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது, எந்த மீனுக்குக் கேட்பது?

கோட்டாறு_வாசகி

வணக்கம். என் மகனுக்கு 7 வயது, எடை 22 கிலோ. வஞ்சிரம் வறுவல் சாப்பிட்டு கால் மணி நேரத்தில் உதடு வீங்கியது, உடம்பெல்லாம் தடிப்பு, இரண்டு முறை வாந்தி. அவசர சிகிச்சைப் பிரிவில் ஊசி போட்ட பிறகு அடங்கியது. பத்து நாள் கழித்து ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் இருப்பது:

மொத்த ஐஜிஇ 640
கடலுணவுக் கலவை எஃப்எக்ஸ்2: 1.9
காட் மீன்: 0.92
இறால்: 1.4
வீட்டுத்தூசி மைட்: 38
பால்: 0.41
கோதுமை: 0.52

பாலும் கோதுமையும் தினமும் சாப்பிடுகிறான், ஒரு தொந்தரவும் கிடையாது. இறாலும் சாப்பிடுவான். இப்போது "ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்று இருக்கிற எல்லாவற்றையும் நிறுத்துங்கள்" என்கிறார்கள். காட் என்ற மீனை நாங்கள் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. 0.92 என்பது குறைவுதானே, அப்படியானால் அலர்ஜி லேசானது என்று எடுத்துக்கொள்ளலாமா? வஞ்சிரத்துக்கென்று தனியாக டெஸ்ட் உண்டா? மறுபடி எடுப்பதானால் செட்ரிசின் மருந்தை நிறுத்த வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆய்வக_மேசை

பரிசோதனைக்கூடத்துப் பக்கத்தை நான் சொல்கிறேன். சிகிச்சை பற்றி டாக்டர்கள் சொல்லட்டும்.

எடுத்திருப்பது 'குறிப்பிட்ட ஐஜிஇ' பரிசோதனை. ஐஜிஇ என்பது அலர்ஜியைத் தூண்டும் எதிர்ப்புப் புரதம். பஞ்சு மாதிரியான ஒரு சிறு தாங்கியில் மீனின் புரதத்தை ஏற்கெனவே பிணைத்து வைத்திருப்பார்கள். அதன் மேல் சுமார் 40 மைக்ரோலிட்டர் சீரம், அதாவது ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீர், விடுவோம். அந்தப் புரதத்தைப் பிடிக்கும் ஐஜிஇ சீரத்தில் இருந்தால் ஒட்டிக்கொள்ளும். மீதியைக் கழுவிவிட்டு, ஒட்டியதை மட்டும் ஒரு நொதியின் உதவியால் ஒளிரவைத்து அளக்கிறோம். அளவு லிட்டருக்கு இத்தனை கிலோயூனிட் என்று வரும். 0.1-லிருந்து 100 வரை எண்ணாகக் கிடைக்கும், அதற்கு மேல் போனால் '100-க்கு மேல்' என்று போடுவோம். 0.35 என்பது பழைய காலத்து எல்லைக்கோடு. ரிப்போர்ட்டில் பக்கத்தில் 'வகுப்பு 1, வகுப்பு 2' என்று இருப்பது அந்த எண்ணைக் கட்டம் கட்டிக் காட்டுவதுதான்: 0.35–0.7 வகுப்பு 1, 0.7–3.5 வகுப்பு 2, 3.5–17.5 வகுப்பு 3, 17.5–50 வகுப்பு 4, இப்படி 6 வரை போகும். டாக்டரிடம் எப்போதும் எண்ணைக் காட்டுங்கள், வகுப்பை மட்டும் சொன்னால் போதாது.

இதில் முக்கியமானது, தாங்கியில் எந்த மீனின் புரதம் இருக்கிறதோ அந்த மீனைப் பற்றி மட்டுமே விடை கிடைக்கும். காட் வட அட்லாண்டிக் மீன். இந்தப் பரிசோதனைகள் ஐரோப்பாவில் வளர்ந்ததால் அது முதல் இடத்தில் நிற்கிறது. நம் ஊர் ரிப்போர்ட்டிலும் அதே மீன் வருவதற்கு வேறு காரணம் கிடையாது.

எஃப்எக்ஸ்2 என்பது ஐந்தின் கலவை: காட், இறால், நீல மட்டி, சூரை, சால்மன். ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஒரு எண். உங்கள் 1.9 எதனால் வந்தது என்று அதிலிருந்து பிரிக்கவே முடியாது. மீனும் இறாலும் ஓடுள்ள உயிரியும் ஒன்றாகக் கலந்திருக்கும் கலவையை மீன் அலர்ஜிக்குக் கேட்பதே வீண் செலவு என்பது என் கருத்து. தனித்தனியாகக் கேளுங்கள். மேலே சொன்ன தாங்கி முறைக்கு இம்யூனோகேப் என்று பெயர், அது வைத்திருக்கும் கூடத்தில் இந்தக் குறியீடுகளைச் சொன்னால் போதும்: காட் எஃப்3, சூரை எஃப்40, சால்மன் எஃப்41, அட்லாண்டிக் மேக்கரல் எஃப்206, கெண்டை மீனின் பார்வால்புமின் என்ற புரதம் எஃப்355, இறால் எஃப்24.

வஞ்சிரத்துக்கென்று பொதுவாகக் கிடைக்கும் தாங்கி கிடையாது. ஆனால் வஞ்சிரம், அயிலை, சூரை மூன்றும் ஒரே குடும்பம். அதனால் எஃப்206, எஃப்40 இரண்டும்தான் ஓரளவு நெருங்கிய உறவு. கட்லா, ரோகு சாப்பிடும் வீடானால் கெண்டைப் புரதம் எஃப்355 நேரடியாகவே பொருந்தும், அவையும் கெண்டைக் குடும்பமே.

ஒரு பெயர்க் குழப்பம் அடிக்கடி வருகிறது. கடையில் காலா மீனை 'இந்தியன் சால்மன்' என்பார்கள், களவாவை 'ரீஃப் காட்' என்பார்கள். இரண்டும் பரிசோதனையில் இருக்கும் சால்மனோ காட்டோ அல்ல. 'சால்மன் நெகட்டிவ், அதனால் காலா வாங்கலாம்' என்று முடிவு செய்துவிடாதீர்கள். ஓட்டல் 'ஃபிஷ் ஃபிங்கர்' பெரும்பாலும் பாசா, அது கெளுத்தி இனம்.

செட்ரிசின் நிறுத்த வேண்டாம். அது ஐஜிஇ-யின் வேலையைத் தடுப்பதில்லை, அலர்ஜியில் உடம்பு விடுவிக்கும் ஹிஸ்டமினின் வேலையைத்தான் தடுக்கிறது. ரத்தத்தில் ஐஜிஇ அளவு மாறாது. வெறும் வயிறும் தேவையில்லை. சிவப்பு மூடி அல்லது மஞ்சள் ஜெல் குழாயில் 3 மி.லி. எடுத்தால் எட்டுப் பத்து பொருளுக்குப் பார்க்கலாம். சீரம் 2–8 டிகிரியில் ஒரு வாரம் தாங்கும். ஆகவே முதலில் இரண்டு மீன் மட்டும் கேட்டுவிட்டு, தேவைப்பட்டால் அதே சீரத்தில் கூடுதலாகச் சேர்க்கச் சொல்லலாம், குழந்தைக்கு மறுபடி ஊசி குத்த வேண்டாம்.

கடைசியாக ஒன்று. பட்டையில் கோடு விழும் முறை, சிப் முறை, தாங்கி முறை என்று பல உண்டு. ஒன்றின் 0.9-ஐ இன்னொன்றின் 0.9-உடன் ஒப்பிடக்கூடாது. அடுத்த முறையும் அதே முறை உள்ள கூடத்திலேயே எடுங்கள்.

மதுரை_ஒவ்வாமை_மருத்துவர்

சகோதரி, நேரில் பார்க்காமல் மருந்து எழுத முடியாது. ரிப்போர்ட்டைப் படிக்கும் விதத்தைச் சொல்கிறேன், உங்கள் மருத்துவரிடம் கேட்க உதவும்.

எண்ணுக்கு முன்னால் நடந்ததைப் பார்க்க வேண்டும். மீன் சாப்பிட்ட கால் மணி நேரத்தில் வீக்கம், தடிப்பு, வாந்தி. தோலும் வயிறும் ஒரே நேரத்தில் பாதிக்கப்பட்டிருக்கின்றன. இது தீவிர ஒவ்வாமை, அனஃபிலாக்சிஸ் என்ற வரையறைக்குள் வரும். இந்த வரலாற்றோடு 0.92 என்பது போதுமான ஆதாரம். எண் சிறியதாக இருப்பதால் அலர்ஜி லேசானது என்று பொருள் இல்லை. இந்த எண் 'எதிர்வினை வருவதற்கான வாய்ப்பு' எவ்வளவு என்பதைத்தான் காட்டும், வந்தால் எவ்வளவு கடுமையாக வரும் என்பதைக் காட்டாது. 0.5 உள்ள குழந்தைக்கு மூச்சு முட்டலாம், 30 உள்ள குழந்தைக்கு வெறும் தடிப்போடு போகலாம்.

மீனுக்கு 20 கிலோயூனிட் என்று ஓர் எல்லை பாடப்புத்தகங்களில் வரும். 2001-ல் அமெரிக்கக் குழந்தைகளிடம் காட் மீனை வைத்து வந்த எண் அது. அதற்கு மேல் இருந்தால் சாப்பிட்டுப் பார்க்கும் சோதனையே வேண்டாம், எதிர்வினை ஏறக்குறைய உறுதி என்பதுதான் அதன் பொருள். அதற்குக் கீழே இருந்தால் அலர்ஜி இல்லை என்று தலைகீழாகப் படிக்கிறார்கள், அது தவறு.

அடுத்து, பத்து நாளில் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். பெரிய எதிர்வினைக்குப் பின் 4 முதல் 6 வாரம் விட்டு எடுப்பது நல்லது, அதற்கு முன் அளவு குறைவாகக் காட்டக்கூடும். உங்கள் மகனுக்கு ஏற்கெனவே பாசிட்டிவ் வந்துவிட்டதால் கவலையில்லை. நெகட்டிவ் வந்திருந்தால் அதை நம்பியிருக்கக் கூடாது.

பாலும் கோதுமையும்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். தினமும் சாப்பிட்டு ஒன்றும் ஆகாத பொருளுக்கு 0.41, 0.52 என்று வருவது உணர்திறன் மட்டுமே, நோய் இல்லை. மொத்த ஐஜிஇ 640 இருக்கும் குழந்தைக்கு இப்படிச் சின்னச் சின்ன பாசிட்டிவ் நாலைந்து வருவது சாதாரணம். தோல் அரிப்பு நோய், மூக்கு அலர்ஜி, வயிற்றுப் புழு எதுவும் மொத்த ஐஜிஇ-யை ஏற்றும். அதனால் அந்த 640 உணவு அலர்ஜியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஒழுங்காகச் சாப்பிட்டுவரும் உணவை மாதக்கணக்கில் நிறுத்தினால், உடல் பழகிவைத்திருந்த சகிப்பு குலைந்து, திரும்பக் கொடுக்கும்போது உண்மையான எதிர்வினை வரும் ஆபத்து உண்டு. 'இருபது உணவு, ஒரே ரத்தம்' என்ற பேக்கேஜ்கள் செய்யும் பெரிய தீமை இதுதான்.

இறால் 1.4: இறாலில் அலர்ஜி தரும் முக்கியப் புரதம் ட்ரோபோமயோசின். அதே வகைப் புரதம் தூசி மைட் என்ற நுண்பூச்சியிலும் கரப்பானிலும் உண்டு. மைட் 38 இருக்கும்போது இறால் 1.4 என்பது பெரும்பாலும் மைட்டின் எதிரொலி. அவன் தொந்தரவில்லாமல் சாப்பிடுவதே அதைவிட வலுவான சாட்சி. மீனில் முக்கியப் புரதம் பார்வால்புமின், அது வேறு. 'கடலுணவு அலர்ஜி' என்று ஒரே பெயரில் இரண்டையும் கட்டுவதில் பொருளில்லை. ஆனால் இறாலைத் தனி எண்ணெயில், தனிச் சட்டியில் சமைக்க வேண்டும். மீன் வறுத்த எண்ணெயில் இறாலைப் போட்டால் எல்லாம் வீண்.

பார்வால்புமின் 12 கிலோடால்டன் அளவுள்ள சிறிய புரதம், கால்சியத்தைப் பிடித்து வைத்திருக்கும், கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் பெரிதாகக் குலையாது. வெள்ளைச் சதையில் அதிகம், கருஞ்சதையில் குறைவு. முள்ளுள்ள மீன்கள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே உருவம், அதனால்தான் ஒரு மீனுக்கு அலர்ஜி உள்ளவர்கள் பலருக்கு மற்ற மீனும் ஒத்துக்கொள்வதில்லை. எஃப்355 பாசிட்டிவ் வந்தால் இந்தப் புரதம்தான் காரணம் என்று தெரியும், எந்த மீனும் பாதுகாப்பில்லை என்று வைத்துத் தொடங்கலாம். அது நெகட்டிவாக இருந்து வஞ்சிரத்துக்கு மட்டும் எதிர்வினை என்றால் எனோலேஸ், ஆல்டோலேஸ் போன்ற வேறு புரதங்கள் காரணமாக இருக்கலாம். அப்போது சில மீன்களைத் திரும்பப் பெற வாய்ப்பு உண்டு. அந்தக் கேள்விக்காகத்தான் இந்த ஒரு பரிசோதனைக்குச் செலவு செய்யச் சொல்வேன்.

வஞ்சிரத்துக்கே நேரடிச் சோதனை வேண்டுமானால் அது தோலில்தான் முடியும். ஊசி முனையை மீன் துண்டில் குத்தி, உடனே முன்கையில் குத்துவது. 15 நிமிடம் கழித்து, உப்புநீர் வைத்த இடத்தைவிட 3 மி.மீ. கூடுதலாகத் தடித்தால் பாசிட்டிவ். பச்சை மீனும் சமைத்த மீனும் இரண்டும் கொண்டுவரச் சொல்வோம். இதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 1921-ல் ஜெர்மனியில் பிரௌஸ்னிட்ஸ், தன் சகா க்யூஸ்ட்னரின் சீரத்தைத் தன் தோலில் செலுத்தி, மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தினார். அந்த இடம் தடித்தது. அலர்ஜியைக் கொண்டுபோகும் ஏதோ ஒன்று ரத்தத்தில் இருக்கிறது என்பதற்கு முதல் நிரூபணம் அதுதான். ஐஜிஇ என்று அதற்குப் பெயர் கிடைக்க 1960-களின் கடைசி வரை ஆயிற்று. க்யூஸ்ட்னருக்கு ஒத்துக்கொள்ளாதது சமைத்த மீன். பச்சை மீனை மட்டும் வைத்துச் சோதித்தால் இப்படிப்பட்டவர்கள் தப்பிவிடுவார்கள். இந்தத் தோல் சோதனைக்கு மட்டும் செட்ரிசினை 5–7 நாள் முன்பே நிறுத்த வேண்டும். வீட்டில் யாரும் செய்து பார்க்கக் கூடாது.

கோட்டாறு_வாசகி

மிக்க நன்றி டாக்டர், ஆய்வகத்தாருக்கும் நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. அன்று அதே மீனை நாங்கள் நால்வரும் சாப்பிட்டோம், மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. மீன் கெட்டுப்போயிருந்தாலும் இப்படித் தடிக்கும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். அப்படி இருக்குமா? டின்னில் வரும் சூரை, கருவாடு, சுறாப்புட்டு இவற்றைக் கொடுத்துப் பார்க்கலாமா?

மீன்பதன_ஆள்_தூத்துக்குடி

உறவினர் சொல்வது உண்மையில் உள்ள ஒரு விஷயம்தான், ஆனால் இங்கே பொருந்துகிற மாதிரி தெரியவில்லை. சூரை, அயிலை, மத்தி, வஞ்சிரம் போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். பிடித்தவுடன் ஐஸ் போடாமல் வெயிலில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அலர்ஜியில் உடம்பே விடுவிக்கும் அதே பொருள் இங்கே தட்டிலேயே வந்துவிடுகிறது. முகம் கழுத்து சிவந்து சூடாகும், தலைவலி, படபடப்பு, சில நேரம் நாக்கில் மிளகு போல் ஒரு காரம். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர விதியில் கிலோவுக்கு 200 மி.கி. ஹிஸ்டமின் என்பது மேல் எல்லை. உருவான பிறகு பொரித்தாலும், காயவைத்தாலும், டின்னில் அடைத்து வேகவைத்தாலும் அழியாது. மீன் பார்வைக்கும் வாசனைக்கும் நன்றாகவே இருக்கலாம். 4 டிகிரிக்குக் கீழே வைத்திருப்பது ஒன்றே வழி.

ஆனால் அந்த நஞ்சு வந்தால் பெரும்பாலும் அதே மீனைச் சாப்பிட்ட இன்னொருவருக்கும் ஏதாவது தெரியும். உதடு வீங்குவது அதில் வழக்கமில்லை. ரத்தத்தில் மீன் ஐஜிஇ-யும் வராது. உங்கள் விஷயத்தில் மூன்றும் அலர்ஜிப் பக்கம்தான் சாய்கிறது.

மறைந்திருக்கும் மீனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'க்ராப் ஸ்டிக்' என்று விற்பதில் நண்டு பெயருக்குத்தான், அரைத்த வெள்ளை மீன்தான் முழுக்க. வோர்ஸ்டர் சாஸில் நெத்திலி வகை மீன் உண்டு. தாய்லாந்து, வியட்நாம் உணவுகளில் மீன் சாஸ். இலங்கை உறவினர் வீட்டுச் சம்பலில் மாசி (உலர்த்திய சூரை) இருக்கும், தூளாக இடித்துப் போடுவதால் பார்த்தால் தெரியாது. கருவாடு வறுக்கும்போது எழும் ஆவியிலும் புரதம் பறக்கும். மூச்சுத் தொல்லை உள்ள பிள்ளை அந்த நேரம் அடுக்களையில் நிற்க வேண்டாம். சந்தையில் இறால் வாங்கும்போது மீன் வெட்டிய பலகையில் உரிக்க விடாதீர்கள், வீட்டுக்கு முழுசாகக் கொண்டுவந்து உரியுங்கள்.

மதுரை_ஒவ்வாமை_மருத்துவர்

மேலே சொன்னது சரி. ஒரு சேர்க்கை: இனி எப்போதாவது இப்படி நடந்து, சந்தேகம் இருந்தால், அறிகுறி தொடங்கி 1–2 மணி நேரத்தில், அதிகபட்சம் 4 மணிக்குள், ட்ரிப்டேஸ் (அலர்ஜியில் உடம்பின் செல்கள் விடுவிக்கும் நொதி) என்ற ரத்தப் பரிசோதனைக்குக் குழாயில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். குறைந்தது 24 மணி நேரம் கழித்து இன்னொன்று. முதல் அளவு, இரண்டாவது அளவை 1.2-ஆல் பெருக்கி 2 கூட்டினால் வருவதைவிட அதிகமாக இருந்தால் அனஃபிலாக்சிஸ் உறுதி. உணவால் வரும் எதிர்வினையில் சில நேரம் இது ஏறாது, அதனால் ஏறாவிட்டால் அலர்ஜி இல்லை என்று சொல்ல முடியாது. மருந்து கொடுப்பதை இதற்காக ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

டின் சூரையும் சுறாவும்: சூரையில் பார்வால்புமின் குறைவு, டின்னில் உயர்ந்த வெப்பத்தில் வேகும்போது மற்ற புரதங்களும் சிதைகின்றன. சிலர் தாங்குகிறார்கள். சுறா, திருக்கை போன்ற குருத்தெலும்பு மீன்களின் பார்வால்புமின் வேறு வகை, முள் மீன் அலர்ஜி உள்ளவர்களில் பலர் திருக்கையைத் தாங்குவதாக ஆய்வுகள் உள்ளன. 'பலர்' என்பதில் உங்கள் மகன் இருக்கிறானா என்பதை வீட்டுத் தட்டில் கண்டுபிடிக்கக் கூடாது. கருவாட்டுக்கு எந்தச் சலுகையும் இல்லை, உலர்த்தினால் பார்வால்புமின் போகாது.

கண்டுபிடிக்க வழி மருத்துவமனையில் படிப்படியாக ஊட்டிப் பார்க்கும் சோதனை. மீன் புரதம் 3 மி.கி. தொடங்கி 10, 30, 100, 300, 1000, 3000 என்று 20–30 நிமிட இடைவெளியில் கொடுப்போம். சதையில் ஐந்தில் ஒரு பங்கு புரதம் என்று கணக்கிட்டால் கடைசிக் கவளம் சுமார் 15 கிராம் மீன். முடிந்து இரண்டு மணி நேரமாவது உட்கார வைப்போம். இப்போதே வேண்டாம், எஃப்355-உம் தோல் சோதனையும் பார்த்த பிறகு எந்த மீனைச் சோதிப்பது என்று தீர்மானிக்கலாம்.

அதுவரை, அனஃபிலாக்சிஸ் வந்தால் போட வேண்டிய ஊசி மருந்தான அட்ரினலின் கைவசம் இருக்க வேண்டும். அளவு கிலோவுக்கு 0.01 மி.கி., 22 கிலோவுக்கு 0.22 மி.கி. ஒரு மி.லி.-யில் ஒரு மி.கி. உள்ள ஆம்பூலில் இது ஏறத்தாழ 0.2 மி.லி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். தானாகக் குத்தும் பேனா கிடைக்காத இடத்தில் ஆம்பூலும் 1 மி.லி. சிரிஞ்சும்தான் வழி. இன்சுலின் சிரிஞ்சை எடுக்காதீர்கள். நம்மூரில் 40 யூனிட் ஒரு மி.லி. என்ற கணக்கிலும் வருகிறது, 100 யூனிட் கணக்கிலும் வருகிறது, பதற்றத்தில் அளவு தப்பும். ஊசியும் குட்டை, தசைக்குப் போகாது. உங்கள் மருத்துவர் எதிரில் ஒருமுறை உப்புநீரை வைத்து எடுத்துப் பழகுங்கள். செட்ரிசின் தடிப்பை அடக்கும், மூச்சுக்குழாயை அது காப்பாற்றாது. ஊசி போட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

குமரி_இளைஞன்

இடையில் ஒரு கேள்வி. எனக்கு மீன் சாப்பிட்டால் மறுநாள் வயிறு உப்புகிறது. 200 உணவுக்கு ஐஜிஜி பார்க்கும் பேக்கேஜில் நெத்திலி, மத்தி, பாரை எல்லாம் சிவப்பு. உண்மைதானா?

ஆய்வக_மேசை

தம்பி, ஐஜிஜி, அதன் உட்பிரிவான ஐஜிஜி4 இரண்டும் ஐஜிஇ அல்லாத வேறு எதிர்ப்புப் புரதங்கள், நீங்கள் அந்த உணவை அடிக்கடி சாப்பிடுகிறீர்கள் என்பதற்கான தடயம். கடலோரத்தில் வளர்ந்தவருக்கு மத்தி சிவப்பாக வராவிட்டால்தான் ஆச்சரியம். ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் அமைப்பு 2008-லேயே உணவு அலர்ஜியைக் கண்டுபிடிக்க ஐஜிஜி4 பார்க்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. மறுநாள் உப்புசம் ஐஜிஇ அலர்ஜியின் போக்கும் அல்ல. வயிற்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

மதுரை_ஒவ்வாமை_மருத்துவர்

இதை ஒட்டி, சிறு பிள்ளைகள் உள்ளவர்களுக்கு ஒன்று. மீன் கொடுத்து 1–4 மணி நேரம் கழித்து, தடிப்போ வீக்கமோ இல்லாமல், குழந்தை அடுக்கடுக்காக வாந்தி எடுத்துத் துவண்டு வெளிறிப்போனால், அது குடல் சார்ந்த வேறு வகை ஒவ்வாமையாக இருக்கலாம். அதில் ஐஜிஇ பங்கேற்பதில்லை, ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் நெகட்டிவ்தான். அந்த நெகட்டிவை நம்பி மறுபடி மீன் ஊட்டிவிடாதீர்கள்.

கோட்டாறு சகோதரிக்கு, அடுத்து எடுக்கும்போது சீட்டில் எழுதிக் கேட்க வேண்டியது இவ்வளவே: எஃப்355, எஃப்206, எஃப்40. பேக்கேஜ் வேண்டாம், மொத்த ஐஜிஇ மறுபடி வேண்டாம். எதிர்வினை நடந்து ஆறு வாரம் ஆன பிறகு எடுங்கள். மீன் அலர்ஜி பால், முட்டை போலச் சீக்கிரம் விலகுவது அரிது, ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுப்பதில் பயனில்லை. வருடத்துக்கு ஒருமுறை, அதே கூடத்தில் போதும். ரிப்போர்ட்டோடு அன்று என்ன மீன், எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் என்ன வந்தது என்று எழுதிய தாளையும் கொண்டுபோங்கள்.